மெசின் மேல தப்பு இல்லைங்க

தம்பி, இந்தச் சேர்ல ஆளு வர்றாங்களா? இல்லைன்னா சித்தே உக்காந்துக்கறேன். அக்கட்டால உக்காந்திருந்தேன், ஏசி காத்து நேரா மண்டையில அடிக்குது. இல்ல, பொய் எதுக்குச் சொல்றது, ஏசி காத்து இல்லீங்க. அந்தக் கடைசி வரிசையில பச்சைச் சுடிதார் போட்டு ஒரு பொண்ணு உக்காந்திருக்குது பாருங்க, அது என்ற பொண்ணு மேகலா. கொஞ்ச நாளாவே எங்கிட்ட ஒரு வார்த்தை பேசறதில்லை. பேசாத ஆளு பக்கத்துல எவ்வளவு நேரந்தானுங்க உக்காந்திருக்கறது?

உங்களுக்கு யாருங்க உள்ள? அப்பாவா? குடலிறக்கமா? அது ஒண்ணும் பண்ணாதுங்க. நாளைக்கே எந்திரிச்சு, காப்பியில சக்கரை பத்தலைன்னு சண்டை போடுவாரு பாருங்க. எனக்குச் சம்சாரம். வசந்தாமணின்னு பேரு. அதா, அந்த டிவியில பேரெல்லாம் ஓடுதே, அதுல ரெண்டாவது. தலையில ஆபரேசன். காதுக்குப் பின்னால, உள்ளார. விடிஞ்சதும் கூட்டிட்டுப் போனாங்க, இன்னும் சேதி இல்லை.

நீங்க மடியில கம்ப்யூட்டரை வெச்சுத் தட்டிட்டு இருந்தீங்க, அதைப் பாத்துட்டுத்தான் வந்தேன். கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளுகிட்ட ஒரு நாயம் கேக்கணும்னு ரொம்ப நாளா நெனைப்பு. நீங்களே சொல்லுங்க. வீட்டுல ஒரு கம்ப்யூட்டர் பொட்டி ஓடுது. அந்தச் சத்தத்துல ஒரு மனுசிக்கு மண்டைக்குள்ள கட்டி வருமா? வராதில்லீங்க? அதைத்தான் நானும் சொல்றேன். டாக்டரும் அதைத்தான் சொன்னாரு. என்ற பொண்ணுதான் ஒத்துக்க மாட்டேங்குது.

நான் சென்னியப்பன். கோபிப் பக்கம். சர்வீஸ்ல இருந்தப்ப முத்திரை ஆய்வாளரு. கடை கடையாப் போயி தராசு, எடைக்கல்லு, பெட்ரோல் பங்குல லிட்டர் அளவு, எல்லாத்தையும் சோதிச்சு முத்திரை குத்தற வேலைங்க. வெல்ல மண்டிக்காரன், "போன தடவைதான பாத்தீங்க சார், சரியாத்தான் இருக்கும், டீ சாப்பிடுங்க"ம்பான். டீ அப்பறம் குடிச்சுக்கலாம், கல்லை எடுய்யாம்பேன். என்ற சொந்தப் பங்காளி கடையிலயே கல்லைப் பறிமுதல் பண்ணியிருக்கேன். மகன் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிக்கை வெக்கலை. போகட்டும். யாரு வாய் வார்த்தையையும் நான் அப்படியே எடுத்துக்கிட்டதில்லீங்க. தராசு சரியா இருந்தா முத்திரை, தப்பா இருந்தா கேஸு. தட்டுல இருக்கற வெல்லம் நல்லதா, பூசணம் புடிச்சதா, அது வேற டிபார்ட்மெண்டு. தராசைப் பாத்தாச்சா, நம்ம சோலி முடிஞ்சுது.

ரிட்டயர் ஆகி வீட்டுல உக்காந்ததும் கையும் காலும் ஓடலை. வசந்தாமணி காய் வாங்கிட்டு வந்தா, அதை நான் வீட்டுல மறுபடி எடை போட்டுப் பாப்பேன். அவ சிரிப்பா. "கடைக்காரன் பொழைச்சுக்கட்டும் விடுங்க"ம்பா. அந்தச் சமயத்துலதான் அக்கா பையன் நவநீதன் ஊருக்கு வந்தான். பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை. அவன்தான் பிட்காயினைப் பத்தி எடுத்துச் சொன்னான். எனக்கு அதுவரைக்கும் பிட்காயின்னா பேப்பர்ல வர்ற மோசடிச் செய்திதான். நான் ரெண்டு திட்டு திட்டினேன். அவன் பொறுமையாக் கேட்டுட்டு, "மாமா, காசை விடுங்க. அது ஓடற விதத்தைக் கேளுங்க"ன்னான்.

உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இருந்தாலும் சொல்றேன். அதுக்குத் தலைமை ஆபீசுன்னு ஒண்ணு கிடையாதாம். உலகம் பூராவும் ஆளாளுக்கு வீட்டுல ஒரு கம்ப்யூட்டரை ஓட விட்டிருக்காங்க. ஃபுல் நோடும்பாங்க. ஆரம்பிச்ச முதல் நாள்லருந்து இன்னைக்கு வரைக்கும் எவன் எவனுக்கு எதை அனுப்பினாங்கற மொத்தக் கணக்கும் அந்தப் பொட்டியில வந்து இறங்கும். இறங்கற ஒவ்வொண்ணையும் அதுவே உக்காந்து சரிபாக்கும். தப்பா இருந்தா தள்ளி விட்டுரும். பெரிய மனுசன் அனுப்பினான், தெரிஞ்ச ஆளு அனுப்பினான், அந்தப் பேச்சே இல்லை. "யாரையும் நம்ப வேண்டியதில்லை மாமா, நீங்களே சரிபாத்துக்கலாம்"னான். எனக்குப் புல்லரிச்சுப் போச்சுங்க. என்ற சர்வீஸ்ல அப்படி ஒரு நேர்மையான ஆளு எனக்குக் கீழயும் இருந்ததில்லை, மேலயும் இருந்ததில்லை.

எவ்வளவு வருதுன்னு கேக்கப் போறீங்க. எல்லாரும் அதைத்தான் கேட்டாங்க. ஒண்ணும் வராதுங்க. காசு தோண்டறது வேற, இது வேற. இது சும்மா சரிபாக்கறது. எங்கிட்ட ஒரு பிட்காயின் இல்லை, எப்பவும் இருந்ததுமில்லை. வசந்தாமணியும் கேட்டா. "ஊரான் ஊரானுக்குக் குடுத்ததை நீங்க எதுக்குங்க எண்ணிட்டு இருக்கோணும்?" அவளுக்கு என்னன்னு சொல்றது? முத்திரை குத்தினவனுக்கு அந்தத் தராசுல வெல்லம் வாங்கித்தான் ஆகோணும்னு இருக்குதா?

மேகலா காலேஜ்ல படிச்சப்ப வாங்கின பெரிய கம்ப்யூட்டர் பரண் மேல கிடந்துது. நவநீதன் அதைத் தொடைச்சு, புது டிஸ்க் மாட்டி ஓட விட்டுட்டுப் போனான். இன்வெர்ட்டர் லைனு எங்க படுக்கற ரூம்லதான் இருக்குது. அதனால அதைக் கட்டிலுக்குப் பக்கத்துலயே வெச்சோம். அவ தலைமாட்டுப் பக்கம். வேற இடம் இல்லீங்க.

பழைய மெசினு, மெதுவாத்தான் இறங்குச்சு. ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. திடீர்னு கரண்ட் போயி பொட்டி அணைஞ்சா, எழுதினதெல்லாம் கெட்டுப் போயி முதல்லருந்து ஆரம்பிக்கற மாதிரி ஆயிருமோன்னு எனக்கு ஒரே பயம். நல்ல கோடைங்க, ஒரு நாளைக்கு நாலு தடவை கரண்ட் போச்சு. இன்வெர்ட்டர்ல வேற எதையும் போடாதேன்னு சொல்லிட்டேன். ஃபேன் கூடத்தான். அவ விசிறி எடுத்து வீசிக்கிட்டா. தனக்கு ரெண்டு வீசுவா, எனக்கு ரெண்டு வீசுவா. நான் திரையைப் பாத்துட்டு உக்காந்திருப்பேன். கடைசியா எல்லாம் இறங்கி முடிஞ்ச அன்னைக்கு நான் அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சரியா இருக்குதுங்களா?"ன்னா. உலகக் கணக்கு பூரா சரியா இருக்குதுன்னு சொன்னேன். "அப்ப சரி, சாப்பிட வாங்க"ன்னா.

அதுக்கப்பறந்தான் ஆரம்பிச்சா. "ஏனுங்க, அந்த மெசினு சத்தம் தாங்க முடியலீங்க. காதுக்குள்ள உய்ய்ன்னு வண்டு பறக்கற மாதிரியே இருக்குது. அதைச் சித்தே நிறுத்திப் பாருங்களே. நிறுத்தினா நின்னு போகும்னு எனக்குத் தோணுது." இதையே தினமும் சொல்லுவா. சோறு போடறப்ப சொல்லுவா. துணி மடிக்கறப்ப சொல்லுவா. சண்டையாவும் சொல்ல மாட்டா. கெஞ்சற மாதிரி சொல்லுவா. எனக்கு அதுதான் எரிச்சலுங்க. புகார்னா புகாரா குடுக்கோணும். என்னேரம் கேக்குது, எவ்வளவு கேக்குதுன்னு கேட்டா, "எப்பவுந்தானுங்க"ம்பா. இப்படி ஒரு புகாரை வெச்சு எந்தத் தராசையாவது தூக்க முடியுமா, சொல்லுங்க.

ஆனா நான் அலட்சியம் பண்ணலை. அதை நீங்க கவனிக்கோணும். ஃபோன்லயே சத்தம் அளக்கற ஆப்பு இருக்குதாம், ஆனா ஃபோனுக்கு யாரு முத்திரை குத்தினாங்க? அது செல்லாது. கூட வேலை பாத்த சிநேகிதரோட தம்பி ஈரோட்டுல ஒரு கம்பெனியில இருக்கறாப்புல. அங்க மெசின் சத்தம் அளக்கறதுக்குன்னே ஒரு கருவி, சர்டிஃபிகேட்டோட. பஸ் ஏறிப் போயி இரவல் வாங்கிட்டு வந்தேன். அவளைக் கட்டில்ல படுக்கச் சொல்லி, காதுக்குப் பக்கத்துல தலைகாணியில வெச்சு அளந்தேன். எந்தக் காதுல கேக்குதுன்னு கேட்டேன். எடக்காதுன்னா. எடப்பக்கமே வெச்சேன். எல்லைக்கு ரொம்பக் கீழதாங்க இருந்துது. எங்க வீட்டு ஃப்ரிட்ஜு அதை விட எச்சா சத்தம் போடுது. அவகிட்ட நம்பரைக் காட்டினேன். அவ கருவியைக் கையில வாங்கி, இப்படித் திருப்பி அப்படித் திருப்பிப் பாத்துட்டு, "இதுக்குக் கேக்கலைன்னா எனக்குக் கேக்கக் கூடாதுங்களா?"ன்னா. படிக்காத பேச்சு. நான் சிரிச்சுட்டேன்.

ஆடிப் பதினெட்டுக்கு மேகலா வந்துது. வந்ததும் அம்மா பக்கம் சேந்துக்கிச்சு. ஏம்பா அம்மாவை இந்தப் பாடு படுத்தறீங்கன்னு சண்டை. சரி, சாட்சியும் வந்தாச்சு, இன்னைக்கே முடிச்சுப் போடலாம்னு நான் ஒரு சோதனை வெச்சேன். நியாயமான சோதனைங்க. வசந்தாமணியைச் செவுத்தைப் பாத்து உக்கார வெச்சேன். நான் பின்னால நின்னு மெசினைப் போடுவேன், நிறுத்துவேன். அவளுக்குத் தெரியாது. சத்தம் கேட்டா கையைத் தூக்கோணும், கேக்கலைன்னா இறக்கோணும். மேகலா வாசப்படியில நின்னு பாத்துட்டு இருந்துது.

மெசின் ஓடிட்டு இருந்துது. கையைத் தூக்குனா. சரி. நான் முறையா நிறுத்தினேன். லைட்டெல்லாம் அணைஞ்சு, ஃபேன் நின்னு, பொட்டி அப்படியே கம்முனு ஆயிருச்சு. தெருவுல போற சைக்கிள் சத்தங்கூடக் கேக்குது. அவ கை தூக்கினபடியே இருக்குது. நான் சித்தே பொறுத்தேன். கை இறங்கலை. வலி எடுத்துருச்சாட்ட இருக்குது, இந்தக் கையால அந்தக் கை முட்டியைத் தாங்கிப் புடிச்சுக்கிட்டா. அப்பவும் இறக்கலை. நான் மேகலாவைப் பாத்து, பாத்தியான்னு சைகை காட்டினேன். அப்பறம், "வசந்தா, திரும்பிப் பாரு"ன்னேன்.

திரும்பினா. மெசினைப் பாத்தா. "எப்பங்க நிறுத்துனீங்க?"ன்னா. அப்பவேன்னேன். கையை மெல்ல இறக்கி மடியில வெச்சுட்டு அதையே பாத்துட்டு இருந்தா. அப்பறம் அழுதா. சத்தமில்லாமத்தான். எனக்குப் பாவமாப் போச்சுங்க. இருந்தாலும் தோத்துட்டா அழுகை வரத்தானே செய்யும்? போகட்டும் விடு, இனிமேல் மெசினைக் குத்தம் சொல்லாதேன்னு தட்டிக் குடுத்துட்டு மறுபடி ஓட விட்டேன். நோம்பிக்கு ஒப்புட்டு சுட்டு வெச்சிருந்தா. அன்னைக்கு நான் ரெண்டு சேத்தியே தின்னேன்.

மேகலா கிளம்பறப்ப, அம்மாவைக் காது டாக்டர்கிட்டக் காட்டுங்கப்பான்னு சொல்லுச்சு. நான் சரின்னேன். ஆனா நீங்களே யோசிச்சுப் பாருங்க. காது கேக்காதவங்களை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறது நாயம். இவளுக்கு இல்லாத சத்தமெல்லாம் கேக்குது. அந்தக் காதுக்கு என்ன குறை? இதை நான் அவகிட்ட வேடிக்கையாவே சொன்னேன். அவளும் சிரிச்சா. அதுக்கப்பறம் சத்தத்தைப் பத்தி ஒரு பேச்சு எடுக்கலை. ஒரு நாள், ஒரு வார்த்தை எடுக்கலைங்க. சோதனை வெச்சதுல அவளுக்கே தெளிஞ்சுருச்சுன்னு நான் இருந்தேன்.

ஃபோனை வலக்காதுக்கு மாத்திக்கிட்டா. அதைப் பாத்தேன். வீட்டுக்குப் பின்னால பொடக்காணிக்குப் போறப்ப செவுத்தைப் புடிச்சுட்டே போவா. அதையும் பாத்தேன். வயசாகுதில்லீங்க? அப்பறம் ஒரு நாள் துவைக்கற கல்லுக்கிட்ட விழுந்துட்டா. மேகலாவும் மாப்பிள்ளையும் வந்து இங்க கோயமுத்தூருக்குக் கூட்டிட்டு வந்து ஸ்கேன் எடுத்தாங்க. காது நரம்பு மேல கட்டி. கொட்டைப் பாக்கு அளவுக்கு வளந்துருச்சு. கெட்ட கட்டி இல்லீங்க, இடந்தான் கெட்ட இடம். மூளையை அமுக்குதாம். இந்த மாதிரிக் கட்டிக்கு முதல் அறிகுறியே காதுல சத்தம் கேக்கறதுதான்னு டாக்டர் சொன்னாரு.

நான் உடனே கேட்டேன், "கம்ப்யூட்டர் சத்தத்தால இது வருமா டாக்டர்?"ன்னு. வராதுன்னாரு. "நல்லாக் கேட்டுக்க"ன்னு மேகலாகிட்டச் சொன்னேன். அன்னைக்கு மூஞ்சியைத் திருப்பினதுதான் தம்பி, இன்னும் திரும்பலை. அம்மா பொழைக்குமான்னு கேக்கறதுக்கு முன்னாடி அப்பா மெசினைப் பத்திக் கேட்டாரேன்னு மாப்பிள்ளைகிட்டச் சொல்லி அழுதுச்சாம். எனக்குக் கேக்கத் தெரியாமயா? அடுத்த கேள்வி அதுதானுங்க. அதுக்குள்ள எந்திரிச்சுப் போயிருச்சு.

டாக்டரு அவளைக் கேட்டாரு, எவ்வளவு நாளாம்மா இந்தச் சத்தம்னு. அவ என்னைப் பாக்காம மெதுவாச் சொல்றா, "அந்த மெசினு வர்றதுக்கு முந்தியே இருந்துதுங்க சார்." முந்தியேவா? வெளியில வந்ததும் கேட்டேன். "ஏன்டீ, அப்ப மெசின் மேல பொய்ப் புகார்தான குடுத்தே?"ன்னு கேட்டேன். அதுக்கு அவ சொல்றா, "புகார் இல்லீங்க. என்னமோ ஆயிருச்சுன்னு பயந்துட்டே இருந்தேன். அப்பத்தான் அந்த மெசினு வந்துது. அதுவா இருந்தா நல்லா இருக்குமேன்னு நெனைச்சேன். மெசினுன்னா நிறுத்திப் போடலாமில்லீங்க?"

நான் நிரூபிச்சது சரிதானுங்களே? மெசின் மேல தப்பு இல்லை. இன்னைக்கும் சொல்றேன், தப்பு இல்லை. சோதனையும் சரி, கருவியும் சரி. ஆனா அவ கையைத் தாங்கிப் புடிச்சுட்டு உக்காந்திருந்தது கண்ணுக்குள்ளயே நிக்குதுங்க. அன்னைக்கு அவ சத்தம் நிக்கறதுக்காகக் காத்துட்டு இருந்திருக்கா. நான் அவ தோக்கறதுக்காகக் காத்துட்டு இருந்திருக்கேன். தம்பி, அந்தத் தண்ணியைக் குடுங்க.

போன வாரம் மெசினைக் கொண்டு போயி பழைய சாமான்காரன்கிட்டப் போட்டுட்டேன். யாரும் போடச் சொல்லலை. அவளுக்கு ஒரு சந்தோசமா இருக்கட்டும்னுதான். ஒரு குறையும் இல்லாத மெசினுங்க, கடைசி நாள் வரைக்கும் ஒரு தப்புக் கணக்கை உள்ள விட்டதில்லை. இன்னைக்குக் காத்தால வண்டியில படுக்க வெச்சு உள்ள தள்ளிட்டுப் போறப்ப, கூடவே நடந்துட்டு வலக்காதுகிட்டக் குனிஞ்சு சொன்னேன். வசந்தா, மெசினைப் போட்டுட்டேன், இனி வீட்டுல சத்தமே இருக்காதுன்னு.

அவ மூஞ்சி மாறிப் போச்சுங்க. "ஐயோ, ஏனுங்க போட்டீங்க?"ன்னா. "நீதானே வேண்டாம்னு கெஞ்சினே"ன்னேன். "கட்டியை எடுத்தாலும் சத்தம் போகாம இருக்கலாம்னு டாக்டரு சொல்லிட்டாருங்க. அந்தக் காதும் கேக்காதாம், ஆனா சத்தம் மட்டும் இருந்துட்டே இருக்குமாம். அது பக்கத்துல ஓடிட்டு இருந்தா, அதுதான்னு நெனைச்சுட்டுத் தூங்கிப் போடுவேன். இனி எதுலருந்து வருதுன்னு நெனைச்சுக்குவேனுங்க?" அதுக்குள்ள கதவைச் சாத்திட்டாங்க.

இருங்க, கதவு தொறக்குது.

சிஸ்டர்! வசந்தாமணியோட ஆளு நாந்தாங்க. முடிஞ்சுதுங்களா? முழிச்சுட்டாளா? பேசறாளா? சரிங்க, சரிங்க. சாமி காப்பாத்துச்சு. என்னங்க? கையைத் தூக்கச் சொல்லிப் பாத்தீங்களா? தூக்குனாளா? ரெண்டு கையும் நல்லாத் தூக்குனாளா? நல்லதுங்க. அப்பறம் என்னங்க... எறக்கச் சொன்னாலும் எறக்க மாட்டேங்கறாளா? ஒரு கையை மட்டும் தூக்கிட்டே இருக்கறாளா?

தெரியுங்க. மயக்கம் இல்லீங்க சிஸ்டர் அது, அவளுக்குச் சத்தம் இன்னும் நிக்கலை. எனக்குத் தெரியும்.

மேகலா எந்திரிச்சு வருது. அதுக்கும் தெரிஞ்சு போச்சு, அழுகுது பாருங்க. அன்னைக்கு வாசப்படியில நின்னுட்டு இருந்துதில்லீங்க? நீ முன்னால போ கண்ணு, போயி அம்மா கையைப் புடிச்சு இறக்கி விடு. நான் பின்னாலயே வர்றேன்.

தம்பி, உங்க நம்பரைக் குடுங்க. எனக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் பொட்டி வேணும். நல்லதா இருக்கோணும்னு இல்லை. ஃபேன் மட்டும் உய்ய்ன்னு சத்தம் போட்டு ஓடோணும். நெட்டு வேண்டாம். கணக்கு எதுவும் இறக்க வேண்டாம், அது எதையும் சரிபாக்க வேண்டாம். அவ தலைமாட்டுல வெச்சு ஓட விடறேன். ஏனுங்க, அந்தச் சத்தம் இதுலருந்துதான வருதுன்னு அவ கேப்பா. ஆமா வசந்தா, இதுலருந்துதான்னு சொல்லிருவேங்க.